சாயப்பட்டறைக்காரர்களின் கோப்பை

கிளாஸ்கோவுக்குக் குடிவந்த புதிதில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நீ செல்டிக்கா, ரேஞ்சர்ஸா?" கேட்பதற்குக் கால்பந்துக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் எந்தத் தேவாலயம், எந்தப் பள்ளிக்கூடம், தாத்தா அயர்லாந்திலிருந்து வந்தவரா என்பதெல்லாம் அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நம்மூரில் "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் முடிப்பார்களோ, அதே சங்கதி. கொஞ்ச நாளில் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். "டம்பார்ட்டன்" என்று சொல்லிவிடுவேன். கேட்டவர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். டம்பார்ட்டன் ஆடும் ஆட்டத்துக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்காட்லாந்து லீக்கின் சாம்பியன் பட்டியலைத் தேடிப் பார்த்த பிறகு என்னால் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. முதல் ஆண்டு, 1891: டம்பார்ட்டனும் ரேஞ்சர்ஸும் கூட்டாக. இரண்டாம் ஆண்டு, 1892: டம்பார்ட்டன், தனியாக. அதற்குப் பிறகுதான் செல்டிக்கின் பெயரே பட்டியலில் வருகிறது.

இதை நான் கண்டுபிடித்தது கால்பந்து வழியாக அல்ல, ஒரு துணி லேபிள் வழியாக.

என் அப்பாவழித் தாத்தா மதுரையில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் கையால் சோறு வாங்கித் தின்ற ஞாபகத்தைவிட அவர் நகங்களின் ஞாபகம்தான் எனக்கு அதிகம். எத்தனை தேய்த்தாலும் போகாத ஒரு மங்கல் சிவப்பு, நகக்கண்ணில் கோடாக நின்றுவிட்டிருக்கும். அதனால் ஒரு கண்காட்சியில் சிவப்புத் துணி ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்த்தபோது கால் தானாக நின்றது. ரத்தச் சிவப்பு. நூற்றுச் சொச்சம் வருடம் ஆகியும் மங்காத சிவப்பு. அதன் பக்கத்தில் பேல்களில் ஒட்டுகிற வண்ண லேபிள்கள். யானை, மயில், நம்ம தெய்வங்கள். இந்தியச் சந்தைக்காக அச்சடித்தவை. ஊர்ப் பெயர் அலெக்சாண்ட்ரியா. எகிப்து என்று நினைத்தேன். இல்லையாம், கிளாஸ்கோவிலிருந்து முக்கால் மணிநேரத்துக்குள் ரயிலில் போய்விடக் கூடிய ஊர்.

லோமண்ட் ஏரியிலிருந்து புறப்பட்டு டம்பார்ட்டனில் கிளைட் ஆற்றில் கலக்கும் ஒரு சின்ன ஆறு இருக்கிறது. சுமார் 10 கிலோமீட்டர்தான் நீளம். ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து 'லெவன்' என்று படித்து, பதினொரு பேர் ஆடும் விளையாட்டுக்குப் பொருத்தமான பெயர் என்று நானே வியந்துகொண்டேன். உள்ளூர்க்காரர்கள் 'லீவன்' என்கிறார்கள். என் வியப்பு வீணானது. அந்த ஆற்றோரமாக, ஏரிப் பக்கத்திலிருந்து வரிசையாக, அலெக்சாண்ட்ரியா, ரென்டன், கடைசியில் ஆறு முடியும் இடத்தில் டம்பார்ட்டன். பள்ளத்தாக்கின் மொத்தப் பெயர் வேல் ஆஃப் லீவன்.

இந்த ஆற்றின் தண்ணீர் மென்மையானது, வேகமானது, வருடம் முழுக்க வற்றாதது. சலவைக்கும் சாயத்துக்கும் இதைவிட என்ன வேண்டும்? 18ஆம் நூற்றாண்டிலேயே வெளுக்கும் களங்கள் வந்துவிட்டன. பிறகு துருக்கிச் சிவப்பு என்ற சாயம் வந்தது. பெயர்தான் துருக்கி. பருத்தித் துணியில் சிவப்பை நிரந்தரமாக ஏற்றும் வித்தை கிழக்கத்திய வித்தை. நம் சோழமண்டலக் கரையில் சாயவேர் என்றும் இம்பூறல் என்றும் சொல்கிற செடியின் வேரில் எடுத்தார்கள். அங்கே மஞ்சிட்டி வகையைச் சேர்ந்த வேறொரு வேர். செய்முறையைப் படித்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஊசிப்போன ஆலிவ் எண்ணெயில் சோடாவும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து துணியை முக்கி எடுத்துக் காயவைத்து, மறுபடி முக்கி, மறுபடி காயவைத்து, பிறகு படிகாரம், பிறகு வேர்ச்சாயத் தொட்டி, அதில் மாட்டு ரத்தம். வாரக்கணக்கில் நடக்கும் வேலை. ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஹைலேண்ட் மலைப்பகுதியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தார்கள். பெண்கள் நிறையப் பேர். அவர்கள் சாயமேற்றிய துணி கப்பலேறி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்தது. நம் ஊர்ச் சாயக்காரர்களின் பிழைப்பில் அது என்ன செய்தது என்பது தனிக் கதை. என் தாத்தா அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

சரி, கால்பந்துக்கு வருவோம்.

மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள் தங்களோடு ஷின்டி என்ற ஆட்டத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். ஹாக்கி மட்டை மாதிரி வளைந்த மட்டை, ஆனால் ஹாக்கியைவிட இரண்டு மடங்கு முரட்டுத்தனம். சனிக்கிழமை மதியத்தோடு பட்டறை மூடும் வழக்கம் வந்தபிறகு மட்டையோடு கிளம்பிவிடுவார்கள். கும்பலாக ஓடுவது, ஆளுக்கு ஆள் பந்தைக் கைமாற்றுவது, அடி வாங்குவது எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

கிளாஸ்கோவில் குயின்ஸ் பார்க் என்ற கிளப் 1867 ஜூலையில் தொடங்கியிருந்தது. ஸ்காட்லாந்தின் மூத்த கிளப் அதுதான். எதிர்த்து ஆட ஆள் கிடைக்காமல் ஆரம்பத்தில் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 1872 நவம்பர் 30 அன்று உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் பார்ட்டிக்கில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது. ஸ்காட்லாந்து சார்பில் ஆடிய 11 பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள். ஆட்டம் 0-0. கோல் விழாத அந்த ஆட்டத்தில்தான் பெரிய விஷயம் நடந்தது. இங்கிலாந்துக்காரர்கள் உடல் கனத்தவர்கள். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாளாக முட்டிக்கொண்டு போவதுதான் அன்றைய நாகரிகம். ஒருவர் பந்தை இழந்தால் பின்னால் வருபவர் பொறுக்கிக்கொள்வார். ஸ்காட்லாந்து ஆட்கள் ஒல்லி. மோதினால் கீழே விழுவார்கள். அதனால் இரண்டிரண்டு பேராகப் பந்தைத் தட்டிக் கொடுத்து ஆடினார்கள். பாஸ் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு அப்போது அவ்வளவு மவுசு இல்லை. அது ஏமாற்று வேலை மாதிரிகூடச் சிலருக்குப் பட்டது.

ஆட்டத்தைப் பரப்ப குயின்ஸ் பார்க் ஆட்கள் லீவன் கரைக்கும் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். அலெக்சாண்ட்ரியாவில் வேல் ஆஃப் லீவன், அடுத்து ரென்டன், அப்புறம் டிசம்பர் 23 அன்று டம்பார்ட்டன். மூன்று கிளப்பும் 1872 என்ற ஒரே வருடத்தில் பிறந்தன. 1873 மார்ச் 13 அன்று கிளாஸ்கோவில் ஒரு மதுவிலக்கு விடுதியில் கூடி ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கிய எட்டுக் கிளப்புகளில் வேல் ஆஃப் லீவனும் ஒன்று. கால்பந்துச் சங்கம் பிறந்த இடத்தில் பீர் கிடையாது என்பதை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கிளப்புகள் காசு போட்டு ஒரு வெள்ளிக் கோப்பையும் பதக்கங்களும் வாங்கின. 56 பவுண்ட் 12 ஷில்லிங் 11 பென்ஸ். முதல் போட்டிக்கு 16 கிளப்புகள் சேர்ந்தன. 1873 அக்டோபர் 18 அன்று கோப்பையின் முதல் நாள் ஆட்டங்களில் ஒன்று ரென்டனுக்கும் கில்மார்னக்குக்கும் நடந்தது. கில்மார்னக் ஆட்கள் ரக்பி பழகியவர்கள். பந்தைக் கண்டதும் கை தானாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ரென்டனுக்கு ஃப்ரீ கிக். ரென்டன் வென்றது. இதைப் படித்தபோது எங்கள் தெருவில் கபடி ஆடுகிறவனைக் கூப்பிட்டுக் கோகோவில் உட்காரவைத்த நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் மூன்று கோப்பையும் குயின்ஸ் பார்க்குக்கே. அவர்களை ஸ்காட்லாந்தில் யாரும் தோற்கடித்ததில்லை. தோற்கடிப்பது இருக்கட்டும், தொடங்கி ஏழு வருடத்துக்கு மேல் ஒரு கோல்கூட வாங்கியதில்லை. அந்த முதல் கோலை 1875 ஜனவரியில் அடித்தது வேல் ஆஃப் லீவன். அதோடு விடவில்லை. 1876 டிசம்பர் 30 அன்று, புது வருடத்துக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், குயின்ஸ் பார்க்கின் சொந்த மைதானமான ஹாம்ப்டன் பார்க்கிலேயே போய் 2-1 என்று வென்றுவிட்டார்கள். குயின்ஸ் பார்க்கில் கணக்கர்களும் வியாபாரிகளுமாக நகரத்து ஆட்கள் அதிகம். இந்தப் பக்கம் சாயப்பட்டறையும் துணி அச்சுப்பட்டறையும். மாணவன் வாத்தியாரை அடித்துவிட்டான் என்று நாம் சொல்வோமே, அச்சு அசலாக அதேதான்.

அந்த வருடம் இறுதிப் போட்டியில் ரேஞ்சர்ஸ். இரண்டு தடவை 1-1. மூன்றாம் தடவை, 1877 ஏப்ரல் 13 அன்று, வேல் 3-2 என்று வென்றது. கோப்பை முதல்முறையாக கிளாஸ்கோவைத் தாண்டிப் போனது. அடுத்த வருடமும் அவர்களே, தேர்டு லானார்க்கை 1-0 என்று வென்று. அதே 1878இல் லண்டன் போய், இங்கிலாந்துக் கோப்பையை வைத்திருந்த வாண்டரர்ஸ் அணியை ஓவல் மைதானத்தில் 3-1 என்று தோற்கடித்தார்கள். பிரபுக்கள் பள்ளிகளில் படித்தவர்களின் அணி அது. அந்த வருடம் மார்ச் 2 அன்று இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 7-2 என்று வென்ற ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து, சர்வதேச ஆட்டத்தில் முதல் ஹாட்ரிக் எடுத்தவர் என்ற பெயர் பெற்றவர் ஜான் மெக்டூகல். அவரும் வேல் ஆஃப் லீவன்தான்.

1879இல் மூன்றாம் கோப்பை கொஞ்சம் கோணலாக வந்தது. ரேஞ்சர்ஸோடு 1-1. தங்கள் கோல் ஒன்றை நடுவர் மறுத்துவிட்டார் என்று ரேஞ்சர்ஸ் கொதித்து, மறு ஆட்டத்துக்கு வரமாட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டது. கோப்பை வேலுக்கு வழங்கப்பட்டது. 1884இல் இதற்கு நேர்மாறாக, வேல் ஆட்கள் சிலருக்கு உடம்பு சரியில்லை, ஒருவர் வீட்டில் சாவு, தேதியைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டார்கள். சங்கம் மறுத்தது. கோப்பை ஆட்டமே இல்லாமல் குயின்ஸ் பார்க்குக்குப் போனது. ஊர்க்காரர்கள் இதை எத்தனை காலம் மனசில் வைத்திருந்தார்களோ.

நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 1877 முதல் 1888 வரை 12 ஸ்காட்டிஷ் கோப்பைகள். அதில் 11 முறை இந்த ஆற்றங்கரையிலிருந்து ஏதாவது ஓர் அணி இறுதிக்கு வந்திருக்கிறது. 1880 மட்டும் விதிவிலக்கு. ஆறு முறை கோப்பையே இங்கே வந்திருக்கிறது. 1883இலும் 1885இலும் இறுதியில் ஆடிய இரண்டு அணிகளுமே லீவன் கரை அணிகள். ஒரு நாட்டின் மிகப் பெரிய கோப்பைக்கு உசிலம்பட்டியும் செக்கானூரணியும் மோதிக்கொள்கிற மாதிரி.

டம்பார்ட்டன் சாய ஊர் இல்லை, கப்பல் ஊர். ஆற்று முகத்துவாரத்தில் ஒரே பாறையாக நிற்கும் எரிமலைக் குன்று, அதன்மேல் கோட்டை, அதன் நிழலில் டென்னி குடும்பத்தின் கப்பல் கட்டும் தளம். பாறையின் பிள்ளைகள் என்றுதான் அணிக்கே பட்டப்பெயர். அவர்கள் 1883இல் கோப்பை எடுத்தபோது கோல்கீப்பர் ஜேம்ஸ் மெக்காலே. கோல்கீப்பர்களின் இளவரசன் என்று பத்திரிகைகள் எழுதின. இத்தனைக்கும் ஸ்காட்லாந்துக்கு முதலில் ஃபார்வர்டாக ஆடியவர். 1887இல் புகழின் உச்சத்தில் அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு எஞ்சினியர் வேலைக்காக பர்மா போய்விட்டார். ஏன் பர்மா? ஐராவதி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்களை டென்னி தளத்தில்தான் கட்டினார்கள். முழுதாகப் பூட்டிப் பார்த்து, பிரித்து, எண் போட்டு, ரங்கூனுக்கு அனுப்பி அங்கே மறுபடி பூட்டுவார்கள். செட்டிநாட்டிலிருந்து போய் ஐராவதி டெல்டாவில் கடை வைத்தவர்கள் அந்தக் கப்பல்களில் ஏறாமல் எப்படி வட்டி வசூலித்திருக்க முடியும்? நம் ஆட்கள் ஏறிய கப்பலின் எஞ்சின் சத்தத்தை ஒரு ஸ்காட்லாந்து கோல்கீப்பர் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். இது என் கற்பனை. ஆனால் ரொம்ப தூரத்துக் கற்பனை இல்லை.

இதே தளத்தில் ரிவெட் அடித்தவர் ஜேக் மேடன். ஆடி முடித்து 1905இல் பிராகுக்குப் போய் ஸ்லாவியா அணிக்குப் பயிற்சியாளராகி, 1930 வரை அங்கேயே இருந்து, 1948இல் அந்த ஊரிலேயே இறந்தார். செக் நாட்டுக் கால்பந்தின் தகப்பன் என்று அங்கே சொல்கிறார்கள். தட்டிக் கொடுத்து ஆடும் ஆட்டத்தை மத்திய ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன ஆட்களில் அவர் ஒருவர்.

எனக்குப் பிடித்தது ரென்டன். மூன்றிலும் சின்ன ஊர் அதுதான். உண்மையில் கிராமம். ஒரே நீளத் தெரு, பின்னால் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் ஆறு.

1885இல் பக்கத்து ஊர் வேல் ஆஃப் லீவனை வென்று கோப்பை எடுத்தார்கள். அன்று ஸ்காட்லாந்துக் கிளப்புகள் இங்கிலாந்துக் கோப்பையிலும் ஆடலாம். 1886-87இல் ரென்டன் அங்கே போய், மூன்று வருடம் தொடர்ந்து அந்தக் கோப்பையை வென்றிருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை மறு ஆட்டத்தில் வெளியேற்றியது. 1887இல் ஸ்காட்லாந்துச் சங்கம் இனி யாரும் அங்கே போய் ஆடக்கூடாது என்று தடை போட்டுவிட்டது.

1888 ரென்டனின் வருடம். கோப்பை இறுதியில் கேம்பஸ்லாங்கை 6-1. இறுதிப் போட்டிகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் அதற்கு முன் இல்லை. அணியின் முதுகெலும்பு நடுவரிசை: கெல்சோ, கெல்லி, மெக்கெக்னி. நடுவில் நின்ற ஜேம்ஸ் கெல்லி, தடுப்பதும் அவர்தான், முன்னால் இருக்கும் ஐந்து பேருக்கும் பந்து கொடுப்பதும் அவர்தான். பயிற்சிக்கு 'சிக்கன் ப்ரீ' என்று ஒரு பானம் குடித்தார்களாம். ப்ரீ என்றால் ஸ்காட்ஸ் பேச்சில் சாறு. பெயரைக் கேட்டால் கோழி ரசம் மாதிரி இருக்கிறது. நிஜத்தில் பச்சை முட்டையைப் போர்ட் ஒயினில் அடித்துக் கலக்கியது. கோழி வருவதற்கு முந்தைய கட்டத்திலேயே குடித்துவிட்டார்கள்.

கோப்பை கிடைத்தபிறகு இங்கிலாந்துக் கோப்பையை வென்ற வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனோடு ஒரு சவால் ஆட்டம். 1888 மே 19, ஹாம்ப்டன் பார்க். ஆட்டத்தின் நடுவே இடியும் மின்னலும் கொட்டு மழையும். மைதானம் சேறு. ரென்டன் 4-1. உலகத்தில் ஒழுங்காகக் கால்பந்து ஆடும் நாடுகளே அப்போது இந்த இரண்டும்தான். அதனால் இரண்டு கோப்பைக்காரர்களில் ஜெயித்தவன் உலக சாம்பியன் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். டோன்டைன் பார்க் என்ற தங்கள் மைதானத்தில் உலக சாம்பியன் என்று பலகை எழுதி மாட்டிவிட்டார்கள். பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்துக்காரன் அப்படிப் பலகை மாட்டுவதைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் அவர்களைத் தோற்கடித்திருக்க வேண்டுமே.

அந்தப் பரிசுக் கோப்பை இப்போது ஹாம்ப்டன் பார்க்கில் இருக்கும் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். நம் வீட்டு அலமாரியில் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குக் கொடுத்த கோப்பை இருக்குமே, அதைவிடப் பெரிசாகச் சொல்ல ஒன்றுமில்லை. மங்கலான உலோகம். பக்கத்தில் நின்றவர்கள் ஐந்து நொடியில் நகர்ந்துவிட்டார்கள். எனக்கு நகர மனசில்லை. அதைத் தூக்கிய கைகளின் நகக்கண்ணில் சிவப்பு இருந்திருக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழை ஆட்டம் முடிந்து ஒன்பதே நாள். மே 28. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் அயர்லாந்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட நிதி திரட்டவென்று தொடங்கப்பட்ட புதுக் கிளப் ஒன்று தன் முதல் ஆட்டத்தை ஆடியது. ரேஞ்சர்ஸின் இரண்டாம் வரிசை ஆட்களை 5-2 என்று வென்றது. முதல் கோல் நீல் மெக்கல்லம். ரென்டன்காரர். ஜேம்ஸ் கெல்லியும் அந்த ஆட்டத்தில் இருந்தார், அவரும் ரென்டன். அந்தக் கிளப்தான் செல்டிக்.

அன்று ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரருக்குக் காசு கொடுப்பது குற்றம். எல்லோரும் அமெச்சூர். ஆனால் கெல்லி ஏன் செல்டிக் போனார் என்று கேட்டால் ஊரே கண்ணடிக்கும். பின்னாளில் அவர் மதுக்கடை உரிமையாளர், அதற்கும் பிறகு செல்டிக்கின் தலைவர். இங்கிலாந்தில் 1885 முதலே சம்பளம் சட்டபூர்வம். அங்கிருந்து வந்த ஏஜெண்டுகள் லீவன் கரையில் சுற்றினார்கள். தட்டிக் கொடுத்து ஆடத் தெரிந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு 'ஸ்காட்ச் புரொஃபசர்கள்' என்று அங்கே பெயர். ரென்டனின் ஆண்ட்ரூ ஹன்னா எவர்ட்டனுக்குப் போய் 1891இல் லீக் வென்ற அணிக்குக் கேப்டனாக இருந்தார். அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கிய லிவர்பூலின் முதல் கேப்டனும் அவரே. ஒரே ஊரில் எதிரெதிராக நிற்கும் அணிகள் இவை இரண்டும். இன்றைக்கு லிவர்பூலில் இதைச் சத்தமாகச் சொன்னால் இரண்டு பக்கமும் முறைப்பார்கள்.

இங்கேதான் எனக்கு இந்தக் கதையின் முள் தைக்கிறது. இங்கிலாந்து 1888இல் லீக் தொடங்கிவிட்டது. வாரவாரம் நிச்சயமான ஆட்டம், நிச்சயமான வசூல். ஸ்காட்லாந்தில் கோப்பை ஆட்டத்தில் தோற்றால் மிச்ச வருடம் நட்பு ஆட்டங்கள்தான். மழை பெய்தால் அதுவும் இல்லை. நமக்கும் ஒரு லீக் வேண்டும், வாருங்கள் பேசலாம் என்று கிளப்புகளுக்கு 1890இல் ஒரு கடிதம் போனது. எழுதியவர் பீட்டர் ஃபேர்லி. ரென்டனின் செயலாளர். மார்ச் 20 அன்று கிளாஸ்கோவில் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். குயின்ஸ் பார்க் வர மறுத்தது. லீக் வந்தால் சின்னக் கிளப்புகள் அழிந்துவிடும் என்பது அவர்கள் பயம். கடைசியில் 11 கிளப்புகள் சேர்ந்தன. அதில் மூன்று லீவன் ஆற்றங்கரை. வேல், ரென்டன், டம்பார்ட்டன்.

லீக் ஆரம்பித்து ஐந்து ஆட்டம்கூட ரென்டனால் தாண்ட முடியவில்லை. எடின்பரோவின் செயின்ட் பெர்னார்ட்ஸ் கிளப், ஆட்டக்காரருக்குக் கள்ளத்தனமாகக் காசு கொடுத்ததற்காகத் தடை செய்யப்பட்டிருந்தது. அவர்கள் 'எடின்பரோ செயின்ட்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆட வந்தார்கள். ரென்டன் அவர்களோடு ஆடியது. யாரையும் ஏமாற்ற முடியாத வேஷம் அது. மாட்டிக்கொண்டார்கள். 1890 செப்டம்பர் கடைசியில் சங்கம் ரென்டனை வெளியேற்றியது. ஐந்து ஆட்டக் கணக்கும் அழிக்கப்பட்டது. லீக்குக்குக் கடிதம் எழுதிய ஊருக்கு முதல் லீக் பட்டியலில் இடம் இல்லை. ரென்டன் நீதிமன்றம் ஏறி, ஜெயித்து, அடுத்த வருடம் திரும்பி வந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் காத்திருப்பார்களா?

அதே முதல் வருடம் டம்பார்ட்டனும் ரேஞ்சர்ஸும் 18 ஆட்டங்களில் ஆளுக்கு 29 புள்ளி. முடிவுக்காக ஓர் ஆட்டம் வைத்தார்கள். அதுவும் 2-2. சரி போ, இருவரும் சாம்பியன் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் 22 ஆட்டங்களில் 37 புள்ளியோடு டம்பார்ட்டன் தனியாக சாம்பியன். அதே பட்டியலின் அடியில், அதே ஆற்றின் மேல்கரையில், ரயிலில் மூன்று ஸ்டேஷன் தள்ளி, மூன்று முறை கோப்பை எடுத்த வேல் ஆஃப் லீவன்: 22 ஆட்டம், வெற்றி பூஜ்யம், டிரா 5. லீக்கை விட்டே போய்விட்டார்கள்.

1893இல் ஸ்காட்லாந்திலும் சம்பளம் சட்டபூர்வமானது. கண்ணடிப்புக்கு அவசியம் இல்லாமல் போனது. அதோடு கணக்கு எளிதாகிவிட்டது. கிளாஸ்கோவில் லட்சக்கணக்கான பேர், டிராம், பெரிய மைதானம். ரென்டனில் சில ஆயிரம் பேர், ஒரு தெரு. 1895இல் ரென்டன் இன்னொரு முறை கோப்பை இறுதிக்கு வந்து தோற்றது. ஜெயித்தவர்கள் யார்? செயின்ட் பெர்னார்ட்ஸ். இதை ஒரு கதையில் எழுதினால் ஓவர் என்பார்கள். டம்பார்ட்டன் 1897இல் கோப்பை இறுதிக்கும் வந்தது, அதே வருடம் இரண்டாம் டிவிஷனின் கடைசி இடத்திலும் இருந்தது. இறுதியில் ரேஞ்சர்ஸிடம் 5-1. ரென்டன் அந்த வருடக் கடைசியில் நான்கே ஆட்டம் ஆடிவிட்டு லீக்கிலிருந்து விலகியது. 1898இல் பள்ளத்தாக்கின் சாயப்பட்டறைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கம்பெனி ஆனது. தனித்தனியாக நின்று பிழைக்கும் காலம் அதற்கும் முடிந்திருந்தது. ரென்டன் கிளப் 1922 வாக்கில் மூடப்பட்டது. வேல் 1929இல். பிறகு 1939இல் வேறொரு கிளப் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. மில்பர்ன் பார்க்கில் இன்னும் ஆடுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை அலெக்சாண்ட்ரியாவில் இறங்கி ஆற்றோரமாக ரென்டனுக்கு நடந்தேன். மழை தூறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தேநீர் நிறத்தில், நல்ல வேகத்தில் ஓடியது. சாயம் இல்லை, மலை மண்ணின் நிறம். பட்டறைகள் இருந்த இடத்தில் புல்லும் மரமும். டோன்டைன் பார்க் இருந்த இடத்தில் வீடுகள். ஒரு வீட்டு முன்னால் பிளாஸ்டிக் கோல் போஸ்ட், வலை கிழிந்து தொங்கியது. பந்து இல்லை.

ரென்டன் ஸ்டேஷன் சின்னது. பிளாட்பாரத்தில் கிளாஸ்கோ ரயிலுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஓர் அப்பாவும் இரண்டு பையன்களும் பச்சை வெள்ளை மஃப்ளர். தள்ளி நின்ற மூன்று இளைஞர்கள் நீலம். இரண்டு கும்பலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கெல்லியும் மெக்கல்லமும் கிளாஸ்கோ போன தண்டவாளம் இதுதான், 1850 முதல் இருக்கிறது. சின்னப் பையன் என்னைப் பார்த்து, அப்பா தடுப்பதற்குள், கேட்டுவிட்டான்.

"நீங்க யாரு? செல்டிக்கா, ரேஞ்சர்ஸா?"

"ரென்டன்" என்றேன்.

"அது எங்க ஊரு" என்றான் அவன். டீம் பெயரைக் கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்கிறாரே என்பது மாதிரி என்னைப் பார்த்தான். ரயில் வந்துவிட்டது.